மூன்று முறை கூப்பிடுகிறவர்

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் திண்டிவனம் வண்டி இன்னும் உறுமக்கூட ஆரம்பிக்கவில்லை. அதற்குள் அன்புச்செல்வி இரண்டு தடவை இடம் மாறி உட்கார்ந்துவிட்டார். முன் இருக்கையில் ஒரு பெரியவர். அவர் மடியில் பாலித்தீன் கவர், கவருக்குள் நான்காக மடித்த காகிதங்கள், மேலே ரப்பர் பேண்டு. அவ்வளவு போதும். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, “எந்த கோர்ட்டுக்குப் போறீங்க பெரிப்பா? பேப்பரக் குடுங்க, பாப்பம்” என்று கையை நீட்டுகிறார். பெரியவர் கவரை நெஞ்சோடு சேர்த்துக்கொள்கிறார். கோர்ட்டுக்குப் போகிறவருக்கு, வழியில் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறவர்கள் மேல் சந்தேகம் வருவது நியாயந்தான். ஆனால் விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் காகிதம் அன்புச்செல்வி கைக்கு வந்துவிடும். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது, தன் வழக்கு எந்த மாடியில், எந்தக் கதவில், சுமாராக எத்தனை மணிக்கு என்பதெல்லாம் பெரியவருக்கு மனப்பாடம் ஆகியிருக்கும்.

திண்டிவனத்தில் இருக்கும் நீதிமன்றங்களுள் ஒன்றில் அவர் அலுவலக உதவியாளர். எந்த நீதிமன்றம் என்று சொன்னால் அவர் வேலைக்கு வம்பு, அதனால் விட்டுவிடுவோம். கதவருகே அவருக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு. இந்தப் பதினோரு வருடத்தில் அதில் அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. வழக்குக்கு வரும் பிள்ளைத்தாய்ச்சிகளும் முட்டிவலிக்காரர்களுமே அதைப் பெரும்பாலும் அனுபவிக்கிறார்கள். அவருடைய வேலை நடப்பது நின்றபடிதான். உள்ளே வழக்கு எண் சொன்னதும் வாசலுக்கு வந்து, சம்பந்தப்பட்டவர் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிட வேண்டும். மூன்றாவது கூப்பாட்டுக்கும் ஆள் வராவிட்டால் ‘அழைக்கப்பட்டார், ஆஜராகவில்லை’ என்று எழுதிக்கொள்வார்கள். அதன் பிறகு அந்த ஆள் மூச்சிரைக்கப் படியேறி வந்து நின்றாலும் வந்ததாக ஆகாது.

குரல் அவருக்குச் சும்மா வந்ததில்லை. முகையூர்ப் பக்கத்தில் அடுத்தவர் கேப்பைக் கொல்லையில் கூலிக்குக் குருவி ஓட்டி வளர்ந்த தொண்டை. மாடியிலிருந்து அவர் ஒரு பெயரைக் கூப்பிட்டால் கேட்டுக்கு வெளியே டீ ஆற்றுகிறவர் கை ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் ஆற்றும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்து, இனிமேல் எங்கே வரப்போகிறது என்று மறந்தே போன பிறகு, முப்பத்து நாலாவது வயதில் வீடு தேடி வந்த உத்தியோகம் இது. பழக்கம் வீடு வரைக்கும் போகிறது. மகள் கலைப்பிரியாவைச் சாப்பிட மூன்று தடவை கூப்பிடுவார். நாலாவது தடவை கிடையாது, குண்டானை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவார். அந்தப் பெண்ணும் இரண்டாவது கூப்பாட்டிலேயே தட்டோடு வந்து உட்காரக் கற்றுக்கொண்டிருக்கிறது.

காலையில் அன்றைய வழக்குப் பட்டியல் கைக்கு வந்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்ற ஆரம்பிப்பார். வேப்பமரத்தடி, ஜெராக்ஸ் கடை, பைக் நிறுத்துமிடம் என்று எங்கும் நிற்காமல், நடந்துகொண்டே கேள்வி, நடந்துகொண்டே பதில். பட்டியலின் ஓரம் பூராவும் அவர் குறிப்புதான். ‘வலது காது கேக்காது.’ ‘பீடிக்குப் போவாரு, பின்பக்கம் பாக்கணும்.’ ‘மண்ணாங்கட்டின்னா எழுந்திரிக்க மாட்டாரு, சம்பந்தி கூட வந்துருக்காரு, முத்துசாமின்னும் சேத்துக் கூப்புடணும்.’ இதையெல்லாம் யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. செய்யாமல் இருந்தால் அவருக்கு உடம்பு ஊறும்.

அடுத்த தேதி சொல்வதிலும் அவருக்கு ஒரு தனி முறை இருக்கிறது. வெறும் தேதியைச் சொன்னால் தங்காது என்று அவர் கட்சி. மயிலம் பக்கத்துக்காரர் என்றால், “பங்குனி உத்தரம் தேர் முடிஞ்சி மறு திங்கக்கெழமை” என்பார். மாதா கோயிலுக்குப் போகிறவர் என்றால், “சாம்பல் புதனுக்கு மொத நாளு.” கோட்டக்குப்பத்திலிருந்து வருகிற துணிக்கடை பாயிடம், “நோம்பு ஆரம்பிச்ச பொறவு வர்ற ரெண்டாவது வெள்ளிக்கு முந்தின நாளு, வியாழக்கெழமை வரணும்” என்பார். நடைக்கூடத்துச் சுவரில் ஒரு திரை இருக்கிறது. வழக்கு எண்கள் இங்கிலீஷில் ஓடும். அதன் கீழே நிழலாக இருப்பதால் அங்கே நிற்கிறார்களே தவிர, அண்ணாந்து பார்க்கிறவர்கள் வக்கீல்கள் மட்டுந்தான்.

ஒரு சொல்லோடு மட்டும் அவருக்குத் தீராத பகை. ‘பாஸ் ஓவர்’ என்பது அந்தச் சொல். இப்போது வேண்டாம், மற்றவற்றை முடித்துவிட்டு இன்றைக்கே மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று அதற்கு அர்த்தம். வக்கீல்கள் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லுகிற சொல். ஆனால் வாசலில் நிற்கிறவர் காதில் அது வேறாக விழுகிறது. பத்தாவதில் பிள்ளை பாஸ் என்றால் என்னவோ அதுதான் பாஸ். ஓவர் என்றால் முடிந்தது. ஆக, கேஸ் ஜெயித்தாச்சு, முடிஞ்சாச்சு. அன்புச்செல்வி வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் தாண்டவராயன் என்கிற மரம் வெட்டுகிறவர், இவர் வாயால் அதைக் கேட்டு, இப்படித்தான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஊருக்குப் போய், வீட்டில் கோழி அடித்துக் குழம்பு வைக்கச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் அவரை மூன்று தடவை கூப்பிட்டதும் அன்புச்செல்விதான். பத்தாம் நாள் வாரண்டில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கும்பிட்ட அதே கையை அவரிடம் நீட்டி, “நீயே பாஸாயிடுச்சின்னியேம்மா” என்று தாண்டவராயன் கேட்டாராம். அதிலிருந்து அந்தச் சொல் அன்புச்செல்வி வாயில் வருவதில்லை. “இன்னிக்கே திரும்பக் கூப்புடுவாங்க. டீ குடிங்க, வெத்தல போடுங்க, பஸ்சு மட்டும் ஏறாதீங்க” என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லி, கேட்டவரையே ஒரு தடவை திருப்பிச் சொல்ல வைப்பார்.

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. நீதிமன்றத்துக்குள் தகவல் தொடர்பையும் முடிவெடுப்பதையும் மேம்படுத்துவது எப்படி என்று தலைப்பு. ஏ.சி. அறை, திரையில் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி. கடைசிக் கட்டத்தில் ‘பொதுமக்கள்’ என்று போட்டிருந்தது. வாசல் எந்தக் கட்டத்திலும் இல்லை. கடைசியில், யாருக்காவது யோசனை தோன்றினால் சொல்லலாம் என்றார்கள். அன்புச்செல்வி எழுந்தார். மைக் வருவதற்குள் பயந்து உட்கார்ந்தார். மனசு கேட்காமல் மறுபடி எழுந்தபோது டீக்கு விட்டுவிட்டார்கள். கருத்துச் சீட்டில் மட்டும், ‘பாஸ் ஓவருக்கு ஒரு தமிழ் வார்த்தை குடுத்தா நல்லாருக்கும்’ என்று எழுதி, கையெழுத்துப் போடாமல் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

இத்தனை கெட்டிக்காரருக்குத்தான் போன செவ்வாய்க்கிழமை வாய் சறுக்கியது.

பூமாலை என்று ஓர் அம்மாள். ஓமந்தூர் தாண்டி உள்ளே போகும் ஒரு காலனியில் இருக்கிறார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பறிப்பு, களை எடுப்பு என்று கூப்பிட்ட வேலைக்குப் போகிறவர். புருஷன் செத்துப்போன பிறகு, இருக்கிற வீட்டுமனை தன்னுடையது என்று கொழுந்தனார் வழக்குப் போட்டுவிட்டார். முதலில் ஒரு தேதிக்குப் பூமாலை வராமல் போய், ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது. வக்கீல் தமிழ்மணி மனுமேல் மனு போட்டு அதை ரத்து செய்து, வழக்கை மறுபடி உயிர்ப்பித்திருந்தார். அன்றைக்குக் குறுக்கு விசாரணை. பூமாலை கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டும். ‘கடைசி வாய்ப்பு’ என்று நீதிபதியம்மா சிவப்பு மையில் குறித்திருந்தார். அன்றைக்கு இல்லையென்றால் வீடு கொழுந்தனாருக்கு.

பூமாலை எட்டரைக்கே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டதும் உள்ளே போனார். தமிழ்மணி விழுப்புரத்தில் வேறொரு கோர்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்காக வேறு யாரோ ஒரு வக்கீல் எழுந்து இங்கிலீஷில் ஏதோ கேட்க, நீதிபதி இங்கிலீஷில் ஏதோ சொல்ல, வழக்குக்கட்டு ஓரமாகப் போய்விட்டது. பூமாலை வெளியே வந்தார். அந்த நேரம் பார்த்து அன்புச்செல்வி இரண்டு கையிலும் கட்டுகளை அணைத்துக்கொண்டு கீழே ரெக்கார்டு அறைக்கு ஓடிக்கொண்டிருந்தார். “இன்னா கண்ணு சொன்னாங்க அம்மா?” என்று பூமாலை கூடவே நாலு படி இறங்கினார். அன்புச்செல்வி திரும்பாமலே, “பாஸ் ஓவர் பெரிம்மா” என்றார். தன் காதில் தானே அதை வாங்கிக்கொள்ளாமல் ஓடிவிட்டார்.

ரெக்கார்டு அறை வேலை முடிந்து ஒன்றரை மணிக்கு மாடிக்குத் திரும்பியபோது ஸ்டூலில் ஒரு பொட்டலம் இருந்தது. பேப்பரைப் பிரித்தால் அவித்த மல்லாட்டை, உப்புப் போட்டது. நீதிபதி மேசைக்குக் கீழே உட்காரும் பெஞ்ச் கிளார்க் குமரேசன் சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தவர், “ஒன் பூமாலை வச்சிட்டுப் போச்சி செல்வி. கேசு பாஸாயிடுச்சாம். நீதான் சொன்னியாம்” என்று சிரித்தார். அன்புச்செல்வி பொட்டலத்தை மறுபடி மடித்தார். படியில் தான் சொன்னது அப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது. குமரேசனுக்கும் சிரிப்பு நின்றுபோயிற்று.

பேருந்து நிலையத்துக்கு ஓடினார். ஓமந்தூர் வண்டி போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. வழக்குக்கட்டில் எழுதியிருந்த நம்பர் பூமாலை மகனுடையது. அவன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டுக்குப் போயிருந்தான், போன் அணைந்து கிடந்தது. பூமாலையிடம் போனே கிடையாது. அன்புச்செல்வி தன் போனைத் துழாவினார். எப்போதோ ஒரு வழக்கில் சாட்சிக்கு வந்த அந்த ஊர் ரேஷன் கடை எடையாளர் ராயப்பன் நம்பர், ‘ராயப்பன் சாட்சி’ என்று பதிந்து கிடந்தது. மூன்று தடவை அடித்தார், எடுக்கவில்லை. நாலாவது தடவையும் அடித்தார். ராயப்பன் நிதானமாக எடுத்து, பூமாலை ஓமந்தூரில் மாறி ஏறி வருகிற மினி பஸ் மூன்று மணிக்குத்தான் ஊருக்குள் வரும், இறங்கியதும் தானே பைக்கில் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். “பேஜாரு ஆவாத தங்கச்சி, ஜல்தியா வந்துர்றோம்” என்றார்.

கணக்குப் பார்த்தால் நாலு மணிக்குள் வந்துவிடலாம். அன்புச்செல்விக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார், மூடினார். மூன்று மணிக்குத் தமிழ்மணி விழுப்புரத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்து, கட்சிக்காரர் எங்கே என்று தேடினார். அந்தம்மாள் பாஸ் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டது, ஆள் அனுப்பியிருக்கிறது என்று அன்புச்செல்வி சொன்னார். யார் அப்படிச் சொன்னது என்று தமிழ்மணி கேட்கவில்லை. அன்புச்செல்வியும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அப்போது சின்ன விஷயமாகத்தான் அவருக்குப் பட்டது.

மூன்றே காலுக்கு விஷயம் கெட்டது. நிலுவை வழக்குகளைச் சீக்கிரம் முடிப்பது பற்றி விழுப்புரத்தில் நாலரைக்குக் கூட்டம், அம்மா சீக்கிரம் பெஞ்சை விட்டு இறங்குகிறார் என்று குமரேசன் கதவோரம் வந்து சொன்னார். அன்புச்செல்வி நடைக்கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார். ஜன்னலில் எட்டிப் பார்த்தார். ராயப்பனுக்கு அடித்தார். வண்டிச் சத்தத்துக்கு நடுவே, “கெளம்பிட்டோம், வந்துக்கினே இருக்கோம்” என்று மட்டும் கேட்டது. திரும்பி வந்து, எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிடட்டுமா என்று குமரேசனைக் கேட்டார்.

குமரேசன் கெட்ட மனிதர் இல்லை. அன்புச்செல்வி சேர்ந்த நாளிலிருந்து கூடப்பிறந்தவர் மாதிரி பார்த்துக்கொண்டவர். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

“நீ வாய மூடிக்கினு இரு. வக்கீலு இன்னொரு மனு போட்டுக்குவாரு. ஆபீஸ் ஸ்டாப்பே தப்பா சொல்லி அனுப்பிச்சாங்கன்னு வெளிய வந்துச்சின்னா மெமோ ஒனக்குத்தான். பொண்ணு இப்பத்தான் நர்சிங் சேந்துருக்கு.”

“இன்னொரு மனு எடுக்க மாட்டாங்க சார். செவப்பு மையில எழுதிருக்காங்க.”

“அதுக்கு நீ இன்னா பண்ணுவ? நீ கூப்புடறவ. கூப்புடு, போ.”

அவர் சொன்னது சட்டப்படி சரி. பதினோரு வருடத்தில் அந்த அறைக்குள் அன்புச்செல்வி பேசியது அடுத்தவர் பெயர்களையும், ‘இல்லீங்கம்மா’ என்ற பதிலையும் மட்டுந்தான்.

உள்ளே வழக்கு எடுத்தாயிற்று. நீதிபதி தெற்கத்திக்காரர். சின்ன வயது, வேகமாக எழுதுகிறவர், கடுகடுப்பு இல்லாதவர். தமிழ்மணி எழுந்து, கட்சிக்காரர் காலையில் வந்திருந்தார், பாஸ் ஓவரைத் தவறாகப் புரிந்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார், வந்துகொண்டிருக்கிறார் என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை. காலையில் இருந்தவர் குறுக்கு விசாரணை என்றதும் காணாமல் போனால் அதற்கு என்ன பெயர் என்று கேட்டார். தவறாகப் புரிந்துகொண்டார் என்றால் அவருக்கு அப்படிச் சொன்னது யார் என்றும் கேட்டார். தமிழ்மணி, “வாசலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்” என்றார்.

“யாரோன்னா யாரு? அந்த யாரோவைக் கொண்டுவந்து நிறுத்தட்டும், நான் உட்காந்துக்கறேன்” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். ஓரமாக உட்கார்ந்திருந்த ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

நீதிபதி பேனாவின் மூடியைக் கழற்றினார். அவர் கோபப்படவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. அவரிடம் வந்து சேர்ந்திருந்தது இரண்டே விஷயந்தான்: காலையில் இருந்தார், இப்போது இல்லை. மற்றதெல்லாம் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது. அதை வைத்துக்கொண்டு எந்த நீதிபதியும் எழுதக்கூடியதைத்தான் அவரும் எழுதப் போகிறார். “கூப்பிடச் சொல்லுங்க” என்றார்.

அன்புச்செல்வி வாசலுக்கு வந்தார். கீழே கேட்டருகில் பைக் எதுவும் திரும்பவில்லை. “பிரதிவாதி பூமாலை” என்று கூப்பிட்டார். டீக்கடைப் பக்கம் இரண்டு மூன்று தலைகள் நிமிர்ந்தன. இரண்டாவது தடவை கொஞ்சம் நேரம் விட்டுக் கூப்பிட்டார். நேரம் விட்டால் ஓமந்தூர் பக்கத்தில் வந்துவிடுமா என்ன? உள்ளேயிருந்து குமரேசன் இருமினார். அவித்த மல்லாட்டைப் பொட்டலத்தை வைத்துவிட்டு, வீடு தப்பிச்சிது என்று சந்தோஷமாகப் பஸ் ஏறியிருக்கும் அந்த அம்மாளை நினைக்க அன்புச்செல்விக்கு வெட்கமாக இருந்தது. வேறு யார் மேலும் பழி போட முடியாத வெட்கம் அது. மூன்றாவது தடவை, குருவி ஓட்டிய அத்தனை பலத்தையும் சேர்த்துக் கூப்பிட்டார்.

பதில் இல்லை. வழக்கமாகக் கதவிலிருந்தே தலையை நீட்டி ‘இல்லீங்கம்மா’ என்பார். அதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்புச்செல்வி உள்ளே வந்தார். வழக்குப் பட்டியலையும் பென்சிலையும் குமரேசன் மேசையில் வைத்தார். வக்கீல்களின் நாற்காலி வரிசையைச் சுற்றிக்கொண்டு போய், பூமாலை ஏற வேண்டிய சாட்சிக் கூண்டின் இரண்டு படியை ஏறினார். நீதிபதி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். சாட்சிக்குச் சத்தியப் பிரமாணம் சொல்லிக்கொடுப்பது பெஞ்ச் கிளார்க்கின் வேலை. குமரேசன் அசையவில்லை. அன்புச்செல்வி அவர் பக்கம் திரும்பி, கைகளைக் கூப்பிக்கொண்டு, முதல் வார்த்தையை அவர் எடுத்துக்கொடுப்பதற்காக நின்றார்.